உப்பு நீரும் மரண இரயிலும்

உப்பு விளையும் மரக்காணத்தில் உப்பைக் குறித்தே ஒரு வரலாறு. 1943ஆம் ஆண்டு, சப்பானியர் அமைத்த சயாம் - பர்மா இரயில் பாதையில் காலரா மூண்டது. ஹின்டோக் முகாமில் போர்க் கைதிகளாயிருந்த ஆஸ்திரேலிய வீரர்களுக்கு, டன்லப் முதலிய மருத்துவர்கள் வடித்த நீரில் சமையல் உப்பைக் கரைத்து, மூங்கிலைச் சீவிக் குழலாக்கி, இரத்தக் குழாயில் செலுத்தினர். இங்கே பாத்தியில் வாரும் உப்புத்தான்! பலர் பிழைத்தெழுந்தனர்.

அதே காட்டில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். அவர்களுடைய முகாம்கள் பெரும்பாலானவற்றில் மருத்துவரே இல்லை. மாண்ட ஆஸ்திரேலியர் ஏறத்தாழ 2,800 பேர் என்று கணக்குண்டு. மாண்ட தமிழருக்கு இன்றளவும் அறுதியான கணக்கில்லை. டன்லப்பின் நாட்குறிப்பு 1986இல் நூலாயிற்று. தமிழர் துயரை, காலந்தாழ்ந்தேனும், ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் புதினமாக்கினார். காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் வீரர் பெயர்கள் வரிசையாக உள்ளன. தோட்டத் தொழிலாளர் பெயர்கள் அங்கில்லை.