இடாப்பும் இளைஞரும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பல்கலைக்கழகங்களிலும் தொழினுட்பக் கல்லூரிகளிலும் கணினி பயிலும் மாணவர் பலர் இச்சபையில் இருக்கின்றனர் என்று செயலாளர் கூறினார். அதனாலேயே, மாணவர் கைகொடுத்து ஆக்கும் தகவல் முறைமைகளைப் பற்றிச் சில சொல்லுமாறு என்னைப் பணித்தனர். "தகவல் முறைமை" என்றதும் முன்வரிசையில் இருக்கும் மூத்தோர் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். அஞ்ச வேண்டியதில்லை. பெயர்தான் புதிது, பொருள் பழையது. 1942இல் போர்க்கால நெருக்கடியில் இந்நாட்டில் அரிசிப் பங்கீடு வந்தபோது பங்கீட்டுப் புத்தகமும் வந்தது. யாருக்கு, எவ்வளவு, எந்தக் கடையில் என்ற கேள்விகளுக்கு மக்கள் கையிலிருந்த புத்தகமும் கடையிலிருந்த பேரேடும் சேர்ந்து விடை கூறின. அதுவும் ஒரு தகவல் முறைமையே. கணினி செய்வதெல்லாம் அப்பேரேட்டை விரைவாகப் புரட்டுதலும், ஓரிடத்துப் பேரேட்டை இன்னோரிடத்தில் உள்ளவரும் பார்க்கச் செய்தலுமேயாகும்.

விரைவு எப்போது வேண்டியதாகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்றுண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், பூரணை தினமாகிய ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் ஏறி வந்தது. இந்நாட்டில் மாத்திரம் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர்; அம்பாறை மாவட்டமே மிகுதியாக இழந்தது. உயிர் தப்பியோர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தங்கினர். ஒரு முகாமில் தாய் இருப்பாள். பிள்ளை வேறொரு வைத்தியசாலையில் இருக்கும். ஒவ்வொரு முகாமிலும் ஒரு கொப்பி இருந்தது. ஆனால் ஒரு கொப்பி மற்றக் கொப்பியோடு பேசவில்லை. ஒரு முகாமுக்கு மூன்று நிறுவனங்கள் உணவு கொண்டுபோக, அப்பாலுள்ள முகாமுக்கு ஒருவரும் போகாத நிலைமை அப்படித்தான் உண்டாகிறது.

அவ்வேளையில் கொழும்பிலிருந்த கணினி வல்லுநரான இளைஞர் பலர் ஊதியம் கருதாது கூடிச் சில வாரங்களுள் ஒரு முறைமையை ஆக்கினர். அதற்குச் "சஹனா" என்று பெயரிட்டனர். சிங்களத்தில் ஆறுதல், நிவாரணம் என்று பொருள்படும் சொல் அது. காணாமற் போனோர் இடாப்பு, முகாம் இடாப்பு, உதவி நிறுவனங்களின் இடாப்பு, எவ்விடத்தில் எது தேவை என்ற வேண்டுகோள் இடாப்பு ஆகியவை அதன் உறுப்புக்கள். அவர்கள் அதைப் பூட்டி வைக்காமல், யாரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தும்படி திறந்த மூலமாக வெளியிட்டனர். ஆதலினாலே 2005இல் பாகிஸ்தானில் நிலம் நடுங்கியபோதும், 2006இல் பிலிப்பைன்சில் மலை சரிந்தபோதும், 2010இல் ஹெயிற்றியில் பேரழிவு வந்தபோதும் அது அவ்விடங்களிற் பணி செய்தது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் மன்றம் அதற்கே வழங்கியது. அவ்வாண்டு தொடக்கம், கூகிள் நிறுவனம் நடத்தும் கோடைகாலத் திட்டத்தின் வழியாக மாணவர்கள் அதனுட் புகுந்து வேலை செய்யலாயினர். அத்திட்டத்துக்குத் தேர்வான மாணவர் தொகையில் நமது மொறட்டுவைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் உலகத்திலேயே முதலிடம் பெற்றது என்பதை இங்குள்ள பலர் அறியார், அறிந்திருக்க வேண்டும்.

இனி, இத்தகைய முறைமைகளில் மாணவர் மூளைக்கு மெய்யாகவே வேலையிருக்கும் இடத்தைக் காட்டுகிறேன். அது பெரிய கணிதத்தில் இல்லை. நம்முடைய பெயர்களில் இருக்கிறது!

சண்முகம் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழில் எழுதினால் அது ஒன்றே. ஆங்கில எழுத்தில் எழுதப் புகுந்தால் ஒருவர் எஸ் எச் என்று தொடங்குவார். மற்றவர் எஸ் மாத்திரம் இடுவார். பழைய குடும்பத்தார் சிலர் சி எச் என்று தொடங்குவர். கணினிக்கு இவர்கள் மூன்று மனிதர். தருமலிங்கம் என்பவரோ ரி எழுத்திலும் வருவார், டி எழுத்திலும் வருவார். இவ்விடரைத் தீர்க்க அமெரிக்காவில் 1918இலேயே ஓர் உபாயம் பதிவு செய்யப்பட்டது. சவுண்டெக்ஸ் என்பது அதன் பெயர். அது பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும், உயிரெழுத்துக்களை விட்டுவிடும், மற்ற மெய்களை ஒலியொற்றுமை பற்றிக் கூட்டங்களாக்கி இலக்கமிடும். எஸ் எச் சண்முகமும் எஸ் சண்முகமும் இம்முறையில் ஒரே குறியைப் பெற்றுவிடுவர். ஆனால் சி எச் சண்முகம் வெளியே நிற்பார். தருமலிங்கம் இருவரும் இறுதிவரை ஒன்றாகமாட்டார். ஏனெனில் முதலெழுத்தை அம்முறை மாற்றாது. நம்முடைய குழப்பமோ முதலெழுத்திலேயே இருக்கிறது. ஆங்கிலப் பெயர்களுக்காகத் தைத்த சட்டை நமக்குத் தோளில் இறுக்குகிறது, அவ்வளவே. முதலெழுத்தையும் கூட்டத்துள் அடக்கி, நமது ஒலிகளுக்கு ஏற்றவாறு விதியை மாற்றி அமைக்க வேண்டியவர் யார்? தமிழ் தெரிந்த மாணவர் ஒருவரே. அயல்நாட்டு நிபுணருக்கு இந்த இடர் இருப்பதே தெரியாது.

எழுத்து ஒருபுறமிருக்க, பெயரின் அமைப்பிலும் சிக்கலுண்டு. மேலைநாட்டுப் படிவத்தில் "குடும்பப் பெயர்" என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? தந்தை பெயரை முன்னே வைக்கிறோம். பெண்ணானவள் மணமானதும் தந்தை பெயர் போய்க் கணவன் பெயர் வருகிறது. அடையாள அட்டையில் தந்தை பெயரோடும், முகாம் கொப்பியிற் கணவன் பெயரோடும் ஒரே பெண் இரண்டு பெண்ணாகிறாள். ஒரு பங்கு கூடுதலாகப் போகிறதே என்று சிரிக்க வேண்டாம். காணாமற் போனவள் பட்டியலில் ஒரு பெயரோடும், உயிரோடிருப்பவள் பட்டியலில் மறுபெயரோடும் அவள் இருந்தால், அவளைத் தேடி வரும் தமையன் வெறுங்கையோடு திரும்புவான். ஆகவே படிவத்தை அமைப்பவர் தந்தை பெயர், கணவன் பெயர், ஊர்ப்பெயர், வீட்டில் அழைக்கும் பெயர் என்று தனித்தனியே இடம் விட்டாக வேண்டும். "வீட்டில் அழைக்கும் பெயர்" என்றொரு கட்டம் எந்தப் பாடநூலிலும் இராது. ஆனால் சிறு பிள்ளை சொல்லக்கூடியது அந்தப் பெயரை மாத்திரமேயன்றோ?

பட்டியலைப் புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று எண்ணாதீர்கள். பட்டியல் கொல்லவும் வல்லது. 1983 ஜூலையில் கொழும்பு நகரில் வன்செயலாளர் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றனர் என்பது வரலாற்றிற் பதிவான செய்தி. அந்த இடாப்பை எழுதிய லிகிதர் ஒரு தீமையும் நினைத்திரார், வாக்குரிமைக்காகவே எழுதினார். அதனை அறிந்த நாம், இனம், சமயம், சாதி, விலாசம் ஆகிய கட்டங்களைப் படிவத்திற் சேர்க்குமுன் ஏன் என்று கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். "இருக்கட்டும், பின்னர் உதவும்" என்ற விடை போதாது. ஒருவரைப் பற்றிய தரவுகளைக் காப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நம் பாராளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. எனினும் சட்டம் வரும்வரை காத்திராமல் மாணவர் தாமே செய்யக்கூடிய காப்பு ஒன்றுண்டு. தேவையில்லாத கேள்வியைக் கேளாதிருத்தல்.

கேள்விகளைக் குறைப்பதிலே ஒரு முறைமை உலகப் புகழ் பெற்ற கதையை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். 1994இல் தென்னாபிரிக்காவில் நிறவெறியாட்சி ஒழிந்தது. சுகாதாரப் பகுதியோ அதுவரை இனத்துக்கொன்று, பிரதேசத்துக்கொன்று என்று துண்டு துண்டாக ஆளப்பட்டு வந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் வெவ்வேறு படிவங்கள். சிறு மருந்தகத்திலிருக்கும் தாதி அவற்றை நிரப்பி மேலே அனுப்புவாள். மேலேயிருந்து அவளுக்கு யாதொன்றும் திரும்பி வராது. கேப் நகரத்துப் பல்கலைக்கழகத்தாரும், நோர்வே நாட்டின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் அக்காலத்து ஆய்வு மாணவராயிருந்த யோர்ன் பிரா என்பவரும் சேர்ந்து மிச்செல்ஸ் பிளெயின் முதலிய இடங்களில் வேலையைத் தொடங்கினர். முதலிற் கணினியைத் திறக்கவில்லை. எந்தத் தரவு இல்லாவிட்டாற் பணி நடவாது என்று தாதிமாரோடும் அதிகாரிகளோடும் இருந்து பேசி, ஒரு சிறிய தொகுதியை மாத்திரம் தெரிந்தெடுத்தனர். பின்னரே, அக்காலத்தில் எவ்வலுவலகத்திலும் கிடைத்த மைக்ரோசொவ்ற் அக்சஸ் என்ற எளிய கருவியைக் கொண்டு முறைமையை ஆக்கினர். தாதி அனுப்பிய எண்கள் வரைபடமாக அவளுடைய சுவருக்கே திரும்பி வரவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. தன் ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு அம்மைப்பால் ஏறவில்லை என்பதைத் தானே காண்பவள், அடுத்த மாதம் எண்ணைப் பொய்யாக எழுதமாட்டாள்.

அம்முறைமையின் இரண்டாம் பிறப்பு முழுக்கவும் பல்கலைக்கழக வகுப்பறையைச் சார்ந்தது. ஒஸ்லோவின் தகவலியற் பகுதி முதுமாணி மாணவரும் ஆய்வு மாணவரும் அதனை வலையில் இயங்குமாறு புதிதாக எழுதினர். 2006இல் கேரளத்தில் அது முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. டி.எச்.ஐ.எஸ். 2 என வழங்கும் அதனை இன்று 70க்கு மேற்பட்ட நாடுகள் பயன்படுத்துகின்றன.

நம் நாட்டுக்கும் அதனோடு உறவுண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் நம் வைத்தியர்களே தகவலியல் பயின்று, இம்முறைமையைக் கற்று வந்தனர். 2020 ஜனவரி 27இல் இங்கே முதலாவது கொரோனா நோயாளி, சீன நாட்டுப் பயணி ஒருவர், கண்டறியப்பட்டார். அந்நாட்களிலேயே, வெளிநாட்டிலிருந்து வருவோரைப் பதிந்து பின்தொடரும் முறைமையை அக்குழுவினர் சுகாதார அமைச்சுக்காக ஆக்கத் தொடங்கிவிட்டனர். பெரிய கொம்பனி ஒன்றுக்குக் கேள்விப்பத்திரம் கோரி, விலை பேசி, ஒப்பந்தம் எழுதியிருந்தால் நோய் ஊரைச் சுற்றி வந்திருக்கும். கருவி கையில் இருந்தது. அதனை வளைக்கத் தெரிந்தவர்களும் இருந்தனர். இங்கு செய்த அமைப்பைப் பிற நாடுகளும் பின்பற்றின. அம்முறைமையைப் பெற்ற நோர்வே நாட்டின் நகரசபைகளே, தொற்றினோரின் தொடர்பாளரைத் தேட, பிறகு அதனைக் கையாண்டன. பிள்ளை வளர்ந்து தாய்வீட்டுக்கு உதவிய கதை இது.

இனி, மாணவராகிய உங்களைப் பற்றிய ஒரு பேச்சு. இறுதியாண்டில் ஒவ்வொருவரும் ஒரு செயற்றிட்டம் செய்கிறீர்கள். நூல்நிலையத்துக்கு ஒன்று, கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒன்று, பாடசாலைக்கு ஒன்று என்று எத்தனையோ ஆக்கப்படுகின்றன. விரிவுரையாளர் பார்க்கிறார், புள்ளி வழங்குகிறார், மாணவர் பட்டம் பெற்று மெல்பேணுக்கோ ரொறன்ரோவுக்கோ விமானம் ஏறுகிறார். கடவுச்சொல்லும் அவரோடே ஏறிவிடுகிறது! மூன்றாம் மாதம் கணினி அடம்பிடிக்கிறது. லிகிதர் அதன்மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டுப் பழைய கொப்பியை எடுக்கிறார். அவர்மீது எனக்குக் குறையில்லை. கொப்பி என்றைக்கும் அவரைக் கைவிட்டதில்லையே.

ஆதலின், வேலை தொடங்குமுன் அந்த லிகிதருக்குப் பக்கத்தில் ஒரு கிழமையாவது இருங்கள். அவர் ஓரத்தில் சிவப்பு மையால் இடும் சிறு குறி என்ன என்று கேளுங்கள். இடாப்பின் உயிர் பெரும்பாலும் அந்தக் குறியிலேதான் இருக்கிறது. "இவர் இறந்துவிட்டார், ஆனால் குடும்பம் இன்னும் அங்கத்துவம் கொண்டிருக்கிறது" என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அதற்கு உங்கள் படிவத்தில் இடமில்லையானால், உங்கள் முறைமைக்கு அவருடைய மேசையிலும் இடமிராது. முறைமை ஓடத் தொடங்கியபின் மூன்று மாதமாவது காகித இடாப்பும் கூடவே நடக்கட்டும்; இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று மாத முடிவில் பாருங்கள். ஒருவருக்கு மாத்திரம் பழக்காது இருவருக்குப் பழக்குங்கள். ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போவது இந்நாட்டு வழக்கம். உள்ளே இட்ட தரவு முழுவதையும் வெறும் அட்டவணையாக வெளியே எடுக்க ஒரு வழி வையுங்கள். பிற்காலத்தில் உங்கள் முறைமையை வேண்டாமென்று தள்ளுவோரும் அத்தரவை இழக்கலாகாது. தமிழ் எழுத்தை ஒருங்குறியிலேயே வையுங்கள். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டி வைத்த அறிக்கைகள் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தோன்றுவதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

உங்கள் விரிவுரையாளர் இவற்றுக்குப் புள்ளி தருவாரோ என்று ஒரு தம்பி சற்றுமுன் வாசலில் வைத்துக் கேட்டார். தரமாட்டார் என்றே நினைக்கிறேன். புள்ளித் திட்டத்தில் புதுமைக்கு இடமுண்டு, மூன்றாம் மாதத்துக்கு இடமில்லை. ஆனால் ஒரு குழு விட்டதை அடுத்த ஆண்டுக் குழு எடுத்து நடத்தலாம் என்று பகுதித் தலைவரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஒஸ்லோவில் நடந்தது அதுவே; ஓர் ஆண்டு மாணவர் எழுதியதை மறு ஆண்டு மாணவர் திருத்தி, இருபது ஆண்டுகளாக அம்முறைமை வளர்ந்திருக்கிறது.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். பெயர்களுக்கான ஒலிவிதியைப் பற்றி எழுதிக் கொணர்ந்த அட்டவணையொன்று என்னிடம் இருக்கிறது. அதனை மேசைமேல் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெயர்களை அதிலே வைத்துப் பார்த்து, எங்கே தவறுகிறது என்று கூட்டம் முடிந்தபின் எனக்குக் கூறுங்கள்.