பட்டமாய்ப் பிறந்து பெயரானவை: தமிழரின் கல்விப் பெயர்கள்

சங்கத் தொகைகளில் பாடியோர் பெயர்களை வரிசையாகப் படித்தாலே பழந்தமிழர் பெயர் வழங்கிய முறை புலப்படும். பெரும்பாலும் ஊர் முதலில் வரும், தொழில் அடுத்து நிற்கும், இயற்பெயர் கடைசியில் அமையும். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டவர்களும் இதே அமைப்பில்தான் இடம்பெறுகிறார்கள்: மதுரைப் பாலாசிரியர் நற்றாமனார், மதுரைப் பாலாசிரியர் சேந்தன் கொற்றனார், மதுரை ஆசிரியர் கோடங்கொற்றனார், ஆசிரியன் பெருங்கண்ணன். சிறுவர்க்கு எழுத்தறிவித்தவர் பாலாசிரியர். சேந்தன், கொற்றன், கண்ணன் என்ற இயற்பெயர்களில் கல்விப் பொருள் சிறிதும் இல்லை. பெற்றோர் இட்ட பெயருக்கு முன்னால், பின்னாளில் உழைத்துப் பெற்ற சொல்லாகவே கல்வி நிற்கிறது. தமிழரின் கல்விப் பெயர் வரலாறு முழுவதற்கும் இதுவே தொடக்கம்: முதலில் பட்டம், பிறகே பெயர்.

பட்டம் இயற்பெயரை முழுதும் மறைத்ததும் உண்டு. கணக்கு என்பதற்கு நூல் என்றும் பொருள். நூல் கற்பிப்பவர் கணக்காயர். மதுரைக் கணக்காயனார் என்ற புலவரின் பாடல்கள் தொகைநூல்களில் உள்ளன. அவருக்குத் தாய் தந்தையர் இட்ட பெயர் கிடைக்கவில்லை. மகனாகிய நக்கீரரும் 'மதுரைக் கணக்காயனார் மகனார்' என்றே குறிக்கப்படுகிறார். ஆசிரியப் பணி ஒருவரின் பெயராகி, மகனின் அடையாளமாகவும் ஆன நிலை இது. அத்தொழிலுக்கு மதுரையில் இருந்த மதிப்பை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று அரிது.

குறுந்தொகையில் ஒரு பாடலைப் பாடிய கிடங்கில் குலபதி நக்கண்ணனார் இன்னொரு வகைக்குச் சான்று. கிடங்கில், திண்டிவனத்தை அடுத்த ஊர். குலபதி வடசொல், பதினாயிரம் மாணவர்க்கு உணவளித்துக் கற்பிப்பவர் என்பது மரபான விளக்கம். எண்ணிக்கை மிகையாகவே இருக்கட்டும், வடமொழிக் கல்விப் பட்டத்தைத் தமிழ்ப்புலவர் ஒருவர் அக்காலத்திலேயே தாங்கியிருந்தார் என்பது உறுதி. கணியன் பூங்குன்றனார் பெயரிலுள்ள கணியன், கோள்நிலை கணிப்பவரைக் குறிப்பதாகக் கொள்வது வழக்கம். மாங்குளம் தமிழி கல்வெட்டின் கணி நந்தன் என்ற பெயரில் வரும் கணி, சமணத் துறவியரின் மூப்புப் பட்டமாகவும் கொள்ளப்படுகிறது. ஏலாதியும் திணைமாலை நூற்றைம்பதும் செய்த கணிமேதாவியார் பெயரில் கணியும் மேதையும் சேர்ந்தே நிற்கின்றன.

சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலை மாறுகிறது. பிராமணர்க்குக் கொடையாகத் தரப்பட்ட பிரமதேய ஊர்களின் சபையாரும் தானம் பெற்றோரும் பட்டன், கிரமவித்தன், சதுர்வேதி என முடியும் பெயர்களோடு தோன்றுகிறார்கள். கிரமவித்தன் வேதத்தைக் கிரமம் என்னும் ஓதுமுறையில் தேர்ந்தவன். சதுர்வேதி நான்கு வேதமும் கற்றவன். கற்றவர் தாமே ஈட்டிய இச்சிறப்புகள் நாளடைவில் குடிவழிச் சொத்தாயின. வடநாட்டில் சதுர்வேதி, திரிவேதி, உபாத்தியாய ஆகியவை இன்றும் குடும்பப் பெயர்களாக நீடிப்பது இதே போக்குக்குச் சான்று. கல்விப் பெயர் பிறப்பால் வரத் தொடங்கியதும், கற்றதற்குச் சான்றாக நிற்கும் தகுதியை அது இழந்தது.

பக்தி இயக்கம் வேறொரு வழியைத் திறந்தது. திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்து, சமணத்தில் தருமசேனராக இருந்தவர், திருவதிகையில் பதிகம் பாடி நாவுக்கரசர் ஆனார் என்கிறது பெரியபுராணம். சீகாழியில் ஞானப்பால் உண்டவர் ஞானசம்பந்தர். ஒருவருக்கே உரியதாய்ப் பிறந்த இப்பெயர்கள், அடியவர் மீதுள்ள அன்பினால் பிள்ளைகளுக்கு இடும் பெயர்களாகப் பரவின. தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் சைவக் குடும்பங்களில் ஞானசம்பந்தன், திருநாவுக்கரசு, அதன் வடமொழி வடிவான வாகீசன் ஆகியவை இன்றும் வழங்குகின்றன. இங்கே ஞானம் என்பது ஏட்டுக்கல்வியைத் தாண்டிய மெய்யறிவு. கிறித்தவத் தமிழும் அச்சொல்லை அப்பொருளிலேயே ஏற்றது. புனித அலோசியஸ் கொன்சாகா தமிழில் ஞானப்பிரகாசியார் ஆனார். ஞானப்பிரகாசம் சைவர்க்கும் கத்தோலிக்கர்க்கும் பொதுப்பெயர். தமிழ் முஸ்லிம்களிடையே மார்க்கக் கல்வி பெற்றவர் ஆலிம்; கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் பெயரில் அது சங்ககால ஆசிரியரின் அடைமொழியைப் போலவே சேர்ந்து நிற்கிறது.

பெண்களுக்குக் கல்விப் பெயர் பெரும்பாலும் தெய்வத்தின் வழியாகவே வந்தது: சரசுவதி, வாணி, சாரதா, கலைவாணி, பாரதி. இருக்கு வேதத்தில் சரசுவதி ஆறாகவும் தெய்வமாகவும் போற்றப்படுகிறாள். வாக்குக்கும் கல்விக்கும் தலைவியாக நிலைபெற்றது பின்னர். கல்வித் தெய்வத்தின் பெயரைத் தாங்கிய எத்தனையோ பெண்கள் பள்ளி வாசலை மிதிக்காமலே வாழ்ந்து முடிந்தார்கள். பெயரில் தந்த கல்வியை வாழ்வில் மறுத்தது பெரும் அநீதி. பெயராய்வு இதைக் கடந்து போகக் கூடாது.

பாரதி என்ற பெயர் ஆணுக்கும் உரியதானது பட்டத்தால்தான். 1882இல் பிறந்த சுப்பையாவுக்கு எட்டயபுரம் பதினொரு வயதில் சூட்டிய பட்டம் அது. அவர் புகழால் அது ஆண், பெண் இருபாலார்க்கும் பிறப்பிலேயே இடும் பெயராயிற்று. பட்டம் பெயராகும் பழைய நிகழ்வு, கண்முன்னே மீண்டும் நடந்ததாகச் சொல்லலாம். அதே காலத்தில் தேர்வு எழுதிப் பெறும் பட்டங்களும் தோன்றின. 1901இல் அமைந்த மதுரைத் தமிழ்ச் சங்கம் பண்டிதத் தேர்வு நடத்தியது. ஈழத்துக் காரைதீவில் பிறந்த மயில்வாகனனார் அதில் தேறிப் பண்டிதரானார், பின்பு விபுலானந்தர் என்று துறவுப் பெயர் ஏற்றார். புலவர் குழந்தை போன்ற பெயர்களில் பட்டம் மறுபடியும் இயற்பெயருக்கு முன்னால் வந்து நின்றது.

தனித்தமிழ் உணர்வு இறுதி மாற்றத்தைச் செய்தது. சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற்கலைஞர் ஆனபோது, சூரியன் பரிதியாகவும் நாராயணன் மாலாகவும் மாறியதோடு, சாஸ்திரி என்ற குடிவழிப் பெயர் கலைஞர் என்ற தகுதிப் பெயராகவும் மாறியது. அவர் எழுதிய புதினத்தின் பெயரும் மதிவாணன். இருபதாம் நூற்றாண்டில் அறிவழகன், மதியழகன், கலைச்செல்வி ஆகியவை எல்லாச் சாதியார் வீட்டுக் குழந்தைகளுக்கும் உரியவையாயின. புறநானூற்றுப் பாண்டியனின் அறிவுடைநம்பி என்ற பெயரும் புத்துயிர் பெற்றது. கல்விப் பெயர்களின் வரலாற்றில் இதற்கு இணையான விரிவு முன்பு நிகழ்ந்ததில்லை.

சோழர் கல்வெட்டுப் பெயர்களுக்கு நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மாட்சுயி மூவரும் 1978இல் மூன்று தொகுதிகளாக அடைவு தந்தனர். அண்மை நூற்றாண்டுகளின் பெயர்களுக்கும் அத்தகைய அடைவு வேண்டும். அதற்கான சான்றுகள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளிலும் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் பள்ளிவாசல் திருமணப் பதிவேடுகளிலும் உள்ளன. பழந்தாள் நெடுங்காலம் தாங்காது. ஆய்வாளர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒரு பள்ளியின் பழைய பதிவேட்டையாவது படியெடுத்துக் காக்க முன்வர வேண்டும்.