கமிட்டியில் பெண்கள் எங்கே?
(பூவிருந்தவல்லியில் விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



என்ன விளைவிப்பது, எதை உண்பது என்பதை மக்களே தீர்மானிக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் அல்ல. 'உணவு இறையாண்மை' என்ற இந்தக் கோஷத்தை 1996-ல் ரோம் நகரில் முழங்கியது 'லா வியா கம்பெசினா' என்ற உலக விவசாயிகள் ஸ்தாபனம். 1993-ல் பிறந்தது. சிறு விவசாயிகளோடு நிலமற்ற கூலிகளும் அதில் உண்டு.

அங்கே மேலான அதிகாரம் மகாநாட்டுக்கே. காரியாலயம் முடிவுகளை நிறைவேற்றும், அவ்வளவுதான். அதுவும் ஒரே ஊரில் வேர்விடுவதில்லை. ஹோண்டுராஸ், இந்தோனேஷியா, ஜிம்பாப்வே, பிரான்ஸ் என்று இடம் மாறி வந்திருக்கிறது.

2000-ல் நம் பக்கத்துப் பெங்களூரில் கூடிய மூன்றாவது மகாநாடு ஒன்று தீர்மானித்தது: சர்வதேசக் கமிட்டிக்குப் பிராந்தியத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண்.

நம் கதை என்ன? நான் வேலை செய்த ஒரு கிராமத்தில் சந்தா கட்டியவர்களில் பாதிப் பேர் நாற்று நடும் பெண்கள். கமிட்டியில் ஒருத்தியும் இல்லை. "கூப்பிட்டாலும் வரமாட்டாங்க, தோழர்" என்றார்கள். ஒரு அம்மாளிடமே கேட்டேன். "ராத்திரி ஒம்பது மணிக்குக் கூட்டம் வெச்சா உலையை யாருப்பா பாக்கறது?" என்றார்.

அந்த நேரத்தைக் குறித்தவன் நான்தான். மறு கூட்டத்தைக் கரையேறும் வேளையில், வரப்போரத்திலேயே வைத்தோம். பதினோரு பெண்கள் வந்தார்கள்.