டாக்டரின் மனைவி
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பன்னிரண்டு வருடம் இந்தக் கொட்டாஞ்சேனையில் படித்தேன். நேசம் சரவணமுத்து என்ற பெயரை ஒருநாளும் வகுப்பில் கேட்டதில்லை. அம்மம்மாதான் சொன்னா, அவவும் பெயரைச் சொல்லவில்லை. "நான் டாக்டரின்ட பெண்சாதிக்குத்தான் போட்டனான்" என்பா.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. சும்மா வரவில்லை. பெண்கள் 1927இல் வாக்குரிமைச் சங்கம் அமைத்து, டொனமூர் ஆணைக்குழு முன் போய்க் கேட்டார்கள். ஆணைக்குழு பெண்ணுக்கு 30 வயது என்றது. கடைசியில் ஆணைப்போல 21 ஆயிற்று. பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டிய சேர் பொன்னம்பலம் இராமநாதனே பெண்களுக்கு வாக்குக் கொடுப்பதை எதிர்த்தார். படிப்பிக்கலாம், வாக்குக் கொடுக்கக் கூடாது! இது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அந்தத் தேர்தலில் கொழும்பு வடக்கில் வென்றவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து. தேர்தல் மனுவில் அவருடைய ஆசனம் பறிபோயிற்று. 1932 இடைத்தேர்தலில் மனைவி நின்றார், வென்றார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒவ்வொரு நிறப் பெட்டி. எழுத்துத் தெரியாதவர்களும் நிறம் பார்த்துச் சீட்டைப் போடலாம். அம்மம்மாவுக்கு எழுத்துத் தெரியும். ஆனாலும் நிறத்தைத்தான் பெரிதாகச் சொல்லுவா.

அரசாங்க சபைக்குத் தெரிவான இரண்டாவது பெண் இவர். முதலாமவர் அடலின் மொலமூரே, தகப்பனார் மறைந்து வெறுமையான றுவான்வெல்லத் தொகுதிக்கு வந்தவர். அப்போது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தொடங்கிய பகிஷ்கரிப்பால் வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை காலியாகக் கிடந்தன. பூரண சுயராஜ்யம் கேட்டவர்கள் வெளியே நின்ற அந்த நாட்களில், காலிமுகத்திடல் சபையில் ஒரு தமிழ்ப் பெண் எங்கள் தொகுதிக்காக இருந்திருக்கிறா. 1935இல் சபை கலையும்வரை இருந்தா.

புருஷனுக்குப் பதிலாகப் போனவதானே என்பார்கள். உண்மை. தகப்பனின் இடம், புருஷனின் இடம்; பின்னர் 1980இல் பொத்துவிலுக்கு வந்த றங்கநாயகி பத்மநாதனுக்குச் சகோதரரின் இடம். சொந்த இடம் என்று ஒன்றை யாரும் எங்களுக்குப் பிடித்து வைக்கவில்லை. ஆனால் கொழும்பு வடக்கில் நேசம் அம்மையார் நியமனத்தால் வந்தவர் அல்லர். வாக்குக் கேட்டு வந்தவர். டாக்டர் 1937இல் கொழும்பு மேயரானார். அவருடைய பெயரைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அம்மையார் 1941இல் காலமானார்.

சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். விவாதப் போட்டிக்கு நாங்கள் கொடுக்கும் கேடயத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நேசம் சரவணமுத்து கேடயம் என்று வையுங்கள். "டாக்டரின் மனைவி" என்று பக்கத்தில் போட வேண்டாம். செயலாளர் தலையாட்டுகிறா, குறிப்பேட்டில் எழுதினாவோ தெரியாது.