சீற்றத்தை ஆற்றிய சிறுவன்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சென்னையிலிருந்து தெற்கு நோக்கி வரும் நெடுஞ்சாலையில், செங்கற்பட்டை எட்டுவதற்கு முன் சிங்கப்பெருமாள் கோவில் என்னும் ஊர் உள்ளது. பாடலாத்ரி எனப்படும் அக்குன்றைக் குடைந்தமைத்த பல்லவர் காலக் கோயிலில் நரசிம்மர் வீற்றிருக்கிறார். அர்ச்சகர் திருநாமத்தைச் சற்றே விலக்கி, விளக்கொளியில் நெற்றிக்கண்ணைக் காட்டுவது அத்தலத்து மரபு. அதே சாலையில் செங்கற்பட்டையும் பாலாற்றையும் கடந்தால் படாளம். இவ்வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இரணியன் கதை புதியதன்று. கோயிலிலும் கூத்திலும் பாட்டியின் வாய்மொழியிலும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்ததே.

அக்கதை 2025 ஜூலை 25 அன்று ‘மகாவதார் நரசிம்மா’ என்னும் அசைவூட்டப் படமாகத் திரைக்கு வந்தது. அஷ்வின் குமார் இயக்கிய அப்படத்தை ஹொம்பாலே பிலிம்ஸ் நிறுவனம் வழங்கியது. இசை சாம் சி. எஸ். இந்தியோடு தமிழிலும் பிற தென்மொழிகளிலும் வெளியாகி, அதற்கு முன் எந்த இந்திய அசைவூட்டப் படமும் ஈட்டாத வசூலை அது ஈட்டியது. தாத்தா, பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என மூன்று தலைமுறையினர் சேர்ந்து திரையரங்குக்குச் சென்றனர். திருமாலின் அவதாரங்களைச் சொல்லும் ஏழு படங்களின் வரிசையில் இதுவே முதலாவது என்று தயாரிப்பாளர் அறிவித்துள்ளனர். ஆகவே இது ஒரு படத்தோடு முடியும் செய்தியன்று. வருங்காலத் தமிழ்க் குழந்தைகள் பலர் புராணத்தை முதன்முதலில் அறியப்போவது இத்தகைய படங்களின் வாயிலாகவே. எனவே இவற்றின் அறத்தை ஆராய்வது இலக்கியவாணரின் கடமையாகிறது.

இத்தகைய படத்தைப் பற்றி இருவகைக் கருத்துகள் எழுவது இயல்பு. பக்தியும் உறுதியும் மறந்துபோன காலத்தில் பிள்ளைகளுக்கு நற்கதை கிடைத்ததே என மகிழ்வோர் ஒரு சாரார். நீண்ட போரும், பெற்ற மகனையே தந்தை கொல்ல முனையும் கொடுமையும், நகத்தால் உடலைக் கிழிக்கும் முடிவும் பிஞ்சு நெஞ்சுக்குத் தகுமா எனக் கவலுறுவோர் மற்றொரு சாரார். இரு சாராரிடமும் நியாயம் உண்டு. ஆயினும் கொடுமை இருக்கிறதா, இல்லையா என்பதோடு விவாதம் நின்றுவிடுமானால் முதன்மையான வினா எழாமலே போகும். கதையின் சிகரம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதே அவ்வினா.

பாகவதத்தின் ஏழாம் கந்தத்தில் இரணியன் மாய்ந்ததோடு கதை முடிவதில்லை. அதன் பின்னரும் நரசிம்மரின் சீற்றம் தணியவில்லை. தேவர்கள் அஞ்சி விலகி நிற்கின்றனர். திருமகளும் நெருங்கத் தயங்குகிறாள். அப்போது பிரமன் அனுப்ப, பிரகலாதன் தனியே நடந்து சென்று வணங்குகிறான். உலகை நடுக்கிய அக்கை அச்சிறுவனின் தலைமீது அமைதியாகப் படிகிறது. வரம் கேள் என்றபோது, தன்னைக் கொல்ல முயன்ற தந்தைக்கே அவன் நற்கதி வேண்டுகிறான். பாகவதம் காட்டும் சிகரம் இதுவே. வதம் அதற்கு இட்டுச் செல்லும் படி.

கம்பர் இதனை மேலும் நுட்பமாகக் கையாண்டார். வான்மீகத்தில் இல்லாத இரணிய வதைப் படலத்தை அவர் யுத்த காண்டத்தில் அமைத்தார். அதைச் சொல்பவன் வீடணன், கேட்பவன் இராவணன். அழிவை நோக்கி நடக்கும் அண்ணனைத் தடுத்து நிறுத்தத் தம்பி சொல்லும் கதை அது. ஒருவன் மாண்டதைக் கொண்டாடுவதற்காகக் கம்பர் அதைச் சொல்லவில்லை. இன்னொருவன் மாளாதிருக்க வேண்டுமென்று சொன்னார். அங்கும் பிரகலாதன் கேட்கும் வரம் வெற்றியோ அரசோ அன்று. எவ்வளவு இழிந்த பிறவி வாய்த்தாலும் இறைவனிடத்து அன்பு நீங்காதிருக்க வேண்டும் என்பதே அவன் வேண்டுதல்.

தோற்றவன் பக்கம் நின்று இக்கதையைப் பார்த்த மரபும் தமிழுக்கு உண்டு. பாரதிதாசனின் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ நாடகம் 1934இல் அரங்கேறியது. அதன் கொள்கையை ஏற்போரும் மறுப்போரும் இவ்வவையில் இருக்கலாம். பகைவன் எனப்பட்டவனுக்கும் ஒரு மனமும் ஒரு சொல்லும் உண்டு என்பதை அந்நாடகம் நினைவூட்டியது என்பதில் கருத்து வேற்றுமை இருக்க இடமில்லை. கர்ச்சிக்கும் பேருருவமாக மட்டும் இரணியனைக் காணும் குழந்தை, அவன் தம்பியை இழந்து துயருற்ற அண்ணன் என்பதை மறந்துவிடும். தீமை எங்கிருந்து முளைக்கிறது என்னும் பாடம் அதனால் நழுவிப்போகும்.

கொடுமையைக் காட்டாமலே அதன் கனத்தை உணர்த்தும் கலையை மாமல்லபுரத்துச் சிற்பி ஏழாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தான். மகிடாசுரமர்த்தினி குகையில் எண்கரத்தாள் சிங்கத்தின் மீதமர்ந்து வில்லேந்தி முன்னேறுகிறாள். எருமைத்தலை கொண்ட அசுரன் தண்டாயுதத்தைப் பற்றியபடி பின்னோக்கிச் சாய்கிறான். அவன் இன்னும் வீழவில்லை. அரசனுக்குரிய குடையும் அவன் தலைமேலேயே இருக்கிறது. வெட்டும் கணத்தை விடுத்து, வெற்றி திரும்பும் கணத்தைச் சிற்பி தேர்ந்தான். கல்லில் குருதி இல்லை; போரின் வேகம் மட்டும் குறையவில்லை. அருகிலுள்ள பெருந்தவப் பாறையிலோ, பின்கால்களில் நின்று தவம் புரியும் பூனையையும், அதை நம்பிச் சூழ்ந்த எலிகளையும் செதுக்கினான். பொய்த்தவத்தைப் பற்றி இதைவிட எளிதாக ஒரு குழந்தைக்குச் சொல்ல இயலுமா?

பிற நாட்டுக் கலைஞரும் இதனை உணர்ந்திருந்தனர். 1942இல் வந்த டிஸ்னியின் ‘பாம்பி’ படத்தில் மான்குட்டியின் தாய் வேட்டைக்காரனால் கொல்லப்படுகிறது. துப்பாக்கி ஓசை கேட்கிறது. தாய் விழும் காட்சி இல்லை. பனியில் தாயைத் தேடி அலையும் குட்டியே திரையில் நிற்கிறது. அக்காட்சியைக் கண்டு அழுத குழந்தைகள் பல தலைமுறையினர். குருதியைக் கண்டதால் வந்த அழுகையன்று. இழப்பை உணர்ந்ததால் வந்தது.

இதனால் துன்பக் காட்சிகளை அறவே நீக்கிவிட வேண்டும் என்பது பொருளாகாது. யானையும் நஞ்சும் பாம்பும் தீயும் இல்லையேல் பிரகலாதனின் துணிவு விளங்காது. பெற்றோரைத் தெய்வமாகப் போற்றக் கற்பிக்கும் மண்ணில், தந்தையின் ஆணையை மகன் மறுக்கும் இக்கதை எளிதில் செரிக்கக்கூடியதன்று. அவன் தந்தையை மறுத்தான், வெறுக்கவில்லை. மறுப்புக்கும் வெறுப்புக்கும் உள்ள இவ்வேறுபாடே ஒரு குடும்பப் படம் பிள்ளைக்குத் தரக்கூடிய அரிய செல்வம். போரின் ஆரவாரம் நீள நீள இந்த மெல்லிய குரல் அமுங்கும் அச்சம் இருக்கிறது. படத்தின் ஓவியத் திறனையும் உழைப்பையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. எனினும் திரையரங்கை விட்டு வரும் பிள்ளை கைவிரல்களை நகங்களாக விரித்துக் கர்ச்சித்து மகிழ்ந்து, சிறுவன் கேட்ட வரத்தை அறியாமலே இருக்குமானால், கதையின் பாதிதான் அதனை எட்டியிருக்கிறது.

சட்டமும் இதில் ஓரளவு துணை நிற்கிறது. 2023ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத் திருத்தத்துக்குப் பின், யு/ஏ சான்றிதழ் ஏழு, பதின்மூன்று, பதினாறு என மூன்று வயது வரம்புகளாகப் பிரிக்கப்பட்டது. 2024இல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆயினும் இவ்வரம்புகள் பெற்றோருக்கான வழிகாட்டலே. பிள்ளைக்கு எது ஏற்றது என முடிவு செய்யும் பொறுப்பு பெற்றோருடையது. சான்றிதழ் வயதைச் சொல்லும். கண்டதன் பொருளைப் பிள்ளையோடு பேசி விளக்குவது வீட்டில்தான் நிகழ வேண்டும். முற்காலத்தில் பாட்டி கதை சொல்கையில் குழந்தையின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அஞ்சினால் குரலைத் தணித்தாள், கண் விரிந்தால் கதையை நீட்டினாள். திரைக்கு அந்தக் கண் இல்லை. அருகில் அமர்ந்திருக்கும் பெற்றோரே அக்கண்ணாக வேண்டும்.

கவிஞர்களுக்கும் இதில் பணி உண்டு. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் அவரையொத்தோரும் முன்னின்று 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை அமைத்தபோது, பிள்ளைகளுக்கு எழுதுவதைச் சிறு பணியாக எண்ணவில்லை. இன்று அசைவூட்டப் படங்களுக்கான தமிழ் உரையாடலும் பாட்டும் பெரும்பாலும் பிறமொழியின் வாயசைவுக்கேற்ப அவசரத்தில் எழுதப்படுகின்றன. அவ்விடத்தில் கம்பனைக் கற்ற ஒருவர் அமர்ந்தால், பிரகலாதன் பேசும் இரண்டொரு வரிகளுக்கு உயிர் வரும். இவ்வட்டத்துக் கவிஞர்கள் ஆண்டுக்கு ஒரு கதையையேனும் எடுத்து, பத்து வயதுப் பிள்ளை வாய்விட்டுப் படிக்கத்தக்க எளிய பாடலாகவோ நாடகமாகவோ எழுதி, இவ்வட்டாரத்துப் பள்ளிகளில் அரங்கேற்றலாம். தொடங்குவதற்குப் பிரகலாதன் நடந்து சென்று சீற்றத்தை ஆற்றிய அந்தக் காட்சி ஒன்றே போதும். அதற்குப் பொருட்செலவும் தொழில்நுட்பமும் வேண்டியதில்லை. பதினோராம் ஆண்டில் வட்டம் இதனைத் தன் பணிகளுள் ஒன்றாக ஏற்குமாயின், இவ்வூர்ப் பிள்ளைகள் அக்கதையை முழுமையாகப் பெறுவார்கள்.