முட்டி வீங்கிய பையனுக்கு லீவு

மேலூர்ப் பக்கம் ஒரு பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோபிலியா. லேசாக இடித்தால்கூட முட்டிக்குள் ரத்தம் கசிந்து வீங்கிவிடும். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனைக்குப் போய், ரத்தம் உறைவதற்கான ஃபேக்டர் ஊசி போட்டு, சில நாள் காலை அசைக்காமல் கிடக்கணும். ஊசி இலவசம்தான், விட்டுப்போன பாடத்துக்கு ஊசி ஏது? பள்ளியிலோ, 'மட்டம் போடுறான்' என்ற பேச்சு!

ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள்செல் நோய் என்ற மூன்று ரத்த நோய்களையும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் குறைபாடுகள் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆள், இதற்கெல்லாம் அதில் வழி உண்டு. அதற்கு முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கணும். பல பெற்றோருக்கு இது தெரியாது.

டீச்சர்களே, இப்படிப்பட்ட பையன் வராத நாளில் பாடத்தைப் போட்டோ எடுத்து அம்மா போனுக்கு அனுப்பிவிடுங்கள். போன் இல்லையா, பக்கத்து பெஞ்சுப் பையனிடம் நோட்டைக் கொடுத்துவிடலாம்.