குடிபெயர்தலும் குடும்ப உயர்வும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



"குடும்பத்தோடு எங்கே குடியேறுவது?" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு சங்கச் செயலாளர் என்னைப் பணித்தார். கல்விச் சங்கத்தின் விழாவில் வீடு, மனை பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் கருதக்கூடும். ஆனால் இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இக்கேள்வி எழாத வீடு இன்று அரிது. மகனுக்கு வேலை கிடைத்தவுடன் எழுகிறது. மழைநீர் வீட்டுக்குள் புகுந்த மறுநாள் எழுகிறது. பேரக்குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்த இரவில் எழுகிறது. அதற்கு நாம் சொல்லும் விடையே நம் பிள்ளைகள் எந்தப் பள்ளியில், எந்த வகுப்புவரை படிப்பார்கள் என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது. ஆகவே இது கல்விச் சங்கத்துக்குரிய பொருளேயாகும்.

முதலில் நம் முன்னோர் எவ்வாறு இங்கு வந்து சேர்ந்தனர் என்பதை எண்ணிப் பார்ப்போம். நம்மில் பலருடைய பூர்வீகம் செங்கற்பட்டு, வடாற்காடு மாவட்டங்களின் சேரிகள். 1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். நிலமற்ற நம் மக்களுக்குக் குடிசை போட்ட இடம்கூடச் சொந்தமாக இல்லை. மிராசுதார் மனம் மாறினால் வீட்டைவிட்டே வெளியேற்றலாம் என்னும் நிலையை அவ்வறிக்கை எடுத்துக் காட்டியது. 1892 செப்டம்பரில் பிறந்த பஞ்சமி நில ஆணைக்கு அதுவே வித்து. குடியிருக்கும் மனை தன்னுடையதாக இல்லாதவன் கூலி உயர்வு கேட்க முடியாது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் முடியாது. இதனை நம் முன்னோர் எந்த அறிக்கையும் படிக்காமலேயே அறிந்திருந்தனர்.

ஆகவே அவர்கள் புறப்பட்டனர். 1856இல் இராயபுரத்திலிருந்து இரயில் ஓடத் தொடங்கியது. 1860இல் சென்னைக் கரையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்றது. இரங்கூன், கோலார் தங்கவயல், மலேயா, இலங்கைத் தோட்டங்கள், பின்னர் பெரம்பூரின் பஞ்சாலைகள், துறைமுகம் என நம்மவர் பரவினர். அங்கும் துன்பம் இருந்தது. ஆயினும் கூலி கையில் காசாகக் கிடைத்தது. ஊர்த் தெருவில் செருப்போடு நடந்ததற்காக உதைப்பவன் அங்கு இல்லை. இரங்கூனில் வணிகராக உயர்ந்த மதுரைப் பிள்ளையின் பேத்தியே, 1904இல் அந்நகரில் பிறந்த அன்னை மீனாம்பாள் சிவராஜ். அவருடைய கணவர் ந. சிவராஜ் அவர்களின் தலைமையில்தான் 1942 ஜூலையில் நாகபுரியில் தாழ்த்தப்பட்டோர் மாநாடு கூடியது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனிக் குடியிருப்புக் கிராமங்கள் வேண்டும் என்று அம்மாநாடு தீர்மானித்தது. எங்கே குடியிருப்பது என்பதை நம் தலைவர்கள் அரசியல் உரிமையாகவே கண்டனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையும் இதையே காட்டுகிறது. அவருடைய தந்தை இராம்ஜி குடும்பத்தைச் சாத்தாராவிலிருந்து பம்பாய்க்குக் கொண்டு வந்தார். பரேல் பகுதியில், தொழிலாளர் குடியிருப்பின் ஒரே அறையில் அக்குடும்பம் நெருக்கியடித்து வாழ்ந்தது. இடவசதியைக் கருதினால் அது மிகவும் தாழ்ந்த வாழ்க்கை. ஆனால் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி எட்டும் தொலைவில் இருந்தது. 1907இல் அண்ணல் மெட்ரிகுலேஷன் தேறினார். வீடு சிறியது, அதிலிருந்து செல்லும் வழி பெரியது. எங்கே குடியேறுவது என்று ஆராயும்போது இந்த அளவுகோலையே நாம் கைக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். வடசென்னையைப் பற்றி உண்மையை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. மணலியை 2009ஆம் ஆண்டிலேயே மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, கொசஸ்தலை ஆற்றின் மீனும் இறாலும் குறைந்தன. 2017 ஜனவரியில் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் பரவியது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வீடுகளுக்குள் புகுந்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் அமோனியா வாயு கசிந்து, எண்ணூர் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட நேர்ந்தது. "இங்கேயே இருங்கள்" என்று ஒரு தாயிடம் சொல்வதற்கு யாருக்கு உரிமை உண்டு?

ஆயினும் தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனையும் இராயபுரம் மகப்பேறு மருத்துவமனையும் இங்குண்டு. வியாசர்பாடியில் அண்ணல் பெயரில் அரசுக் கலைக்கல்லூரி உள்ளது. பிராட்வேக்கு அருகில் பாரதி மகளிர் கல்லூரி உள்ளது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர்வரை வந்துவிட்டது. விடியற்காலை நான்கு மணிக்குக் காசிமேட்டிலும், இரவு பதினொரு மணிக்குத் துறைமுக வாயிலிலும் ஏதேனும் ஒரு வேலை கிடைக்கிறது. கைம்பெண்ணாக நிற்கும் ஒருத்தி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே சோற்றுக்கு வழி தேடிக்கொள்ளும் இடம் இது. இத்தகைய வசதி எந்த வீட்டு விளம்பரத்திலும் எழுதப்படுவதில்லை.

அன்பர்களே, தானே புறப்படுவது வேறு. புறப்படச் செய்யப்படுவது வேறு. 1970இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டித் தருவதே அதன் முதன்மைப் பணியாக இருந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தென்கோடிக்குக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அனுப்பப்பட்டன. இராயபுரத்திலிருந்து அவை ஏறத்தாழ 25 முதல் 30 கிலோமீட்டர் தொலைவு. கல் சுவரும் கழிப்பறையும் கிடைத்தன. அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வீட்டு வேலை செய்த பெண்கள் பேருந்திலேயே மூன்று மணி நேரம் கழிக்க நேர்ந்தது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து 2021இல் வந்தது; அது பணத்தை மீட்டுத் தந்தது, நேரத்தை மீட்டுத் தரவில்லை. கல்வியாண்டின் நடுவில் வீடு மாற்றப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் படிப்பை விட்டனர் என்பதை, அங்கே உறவினர் உள்ள ஒவ்வொருவரும் தத்தம் குடும்பத்திலேயே எண்ணிப் பார்க்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராய்வோம். தண்டையார்பேட்டையில் ஒற்றை அறை வாடகை வீட்டில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தந்தை கன்டெய்னர் லாரி ஓட்டுநர். தாய் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. மகன் ஆறாம் வகுப்பு. பாட்டிக்கு ஸ்டான்லியில் மாதந்தோறும் மருந்து. சேமிப்பில் சிறு தொகை உண்டு. பொன்னேரியில் ஒரு மனை விலைக்கு வருகிறது. போகலாமா?

முதற் கேள்வி பள்ளி பற்றியது. மகள் பொதுத்தேர்வு எழுதும் ஆண்டு இது. ஏப்ரல்வரை அசையவே கூடாது. அதன்பின் போகலாம், பொன்னேரியில் மேல்நிலைப் பள்ளியும், உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரியும் உள்ளன. மகனைப் பொறுத்தவரை, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்புவரை அவனைக் காக்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்று காரணம் காட்டி அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது. இதை அறியாமல் பிள்ளையை ஓராண்டு வீட்டில் வைத்திருப்போர் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டாம் கேள்வி தாயின் வேலை. நம் குடும்பங்களில் ஆணின் வருவாயை மட்டும் கணக்கில் வைத்து வீடு மாற்றுகிறோம். தாயின் வருவாய் நின்றவுடன் மகளின் கல்லூரிக் கட்டணமே முதலில் நிற்கிறது. பொன்னேரியிலிருந்து வண்ணாரப்பேட்டைக்கு நேரே மின்சார இரயில் உண்டு. பெரும்பாக்கத்திலிருந்து அவ்வாறு இல்லை. அந்த ஒரு இரயில் பாதை இந்தக் குடும்பத்தின் முடிவையே மாற்றிவிடுகிறது. தாயைக் கேளாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பதை இச்சங்கம் ஒரு விதியாகவே பரப்ப வேண்டும்.

மூன்றாம் கேள்வி மனை. வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் ஆகிய மூன்றையும் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா, ஏரிப் புறம்போக்கு கலந்துள்ளதா என்று கேளுங்கள். 2016 அக்டோபர் 20ஆம் நாளுக்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளுக்கே வரன்முறைத் திட்டம் வழி செய்தது என்பதை நினைவில் வையுங்கள். விற்கப்படும் நிலமே ஒருகாலத்தில் நம்மவருக்கு அளித்த பஞ்சமி நிலமாக இருக்கவும் கூடும். அதையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மனையைச் சித்திரையில் பார்த்து மயங்காமல், ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை சென்று பாருங்கள். நீர் எங்கே நிற்கிறது என்று மழை சொல்லும், தரகர் சொல்லமாட்டார்.

நான்காம் கேள்வி நமக்கே உரியது. அண்டை வீட்டார் யார்? வாடகைக்கு வீடு கேட்கும்போது, "நீங்கள் என்ன ஆட்கள்?" என்னும் வினா சென்னையிலும் இன்னும் ஒழியவில்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் கிராமத்தைக் கடுமையாகச் சாடியது வெறுப்பினால் அன்று; பட்டறிவினால். எனவே தனித்து ஒரு குடும்பமாகச் செல்வதைவிட, மூன்று நான்கு குடும்பங்களாகக் கலந்து பேசி ஒரே மனைப்பிரிவில் இடம் வாங்குவது நல்லது. எல்லோரும் ஒரே மூலையில் ஒதுங்கி இன்னொரு சேரியை நாமே கட்டிக்கொள்ளவும் வேண்டாம். பலர் வாழும் தெருவில், துணையோடு வாழ்வதே தக்கது.

ஐந்தாவது, மிகவும் கவனிக்க வேண்டியது, மாநில எல்லை. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆரம்பாக்கம் கடந்தால் தடா, ஆந்திரம் வந்துவிடுகிறது. அங்கே ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைக்கிறது; அங்கேயே குடியேறிவிடலாம் என்று இளைஞர்கள் எண்ணுகின்றனர். அட்டவணைச் சாதியினர் பட்டியல் மாநிலந்தோறும் தனித்தனியானது. பிழைப்புக்காக வேறு மாநிலம் சென்றவர், அங்கும் தம் சாதி பட்டியலில் இருந்தாலும், அம்மாநிலத்தின் கல்வி, வேலை ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. 2018இல் அதனை உறுதி செய்தது. பத்து கிலோமீட்டர் தள்ளிக் குடியேறுவதால் பிள்ளை அம்மாநில மருத்துவக் கல்லூரியில் உரிமை கோர முடியாமற் போகலாம். மத்திய அரசுப் பணிக்குத் தமிழ்நாட்டுச் சான்றிதழ் பயன்படும் என்பது உண்மையே. ஆயினும் குடும்பத்தைக் கும்மிடிப்பூண்டியில் வைத்துவிட்டுத் தந்தை எல்லை தாண்டி வேலைக்குச் சென்று திரும்புவதே அறிவுடைமை. தமிழ்நாட்டுக்குள் எங்கு மாறினாலும் இந்த இழப்பு இல்லை.

இன்னொரு பாடம் கோலார் தங்கவயலில் உள்ளது. நம் மக்கள் நூறாண்டுக்கு மேல் உழைத்த அச்சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. இன்றும் அங்குள்ளோர் ஆயிரக்கணக்கில் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். நமக்கு அருகிலேயே பின்னி ஆலை 1996இல் மூடியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் நின்றது. ஒரே ஒரு முதலாளியை நம்பி ஊரைத் தேர்ந்தெடுத்தால், அந்த வாயில் மூடும் நாளில் ஊரும் மூடிவிடும். எனவே குடியேறும் இடத்தில் இரண்டாவது பிழைப்புக்கு வழியுண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பார்த்தபின் நம் தண்டையார்பேட்டைக் குடும்பத்துக்கு என் விடை: தேர்வு முடியட்டும், மனையின் தாள்கள் சரியாக இருக்கட்டும், தாய் இசையட்டும், பாட்டியின் மருத்துவச் சீட்டை எடுத்துக்கொண்டு, பொன்னேரி அரசு மருத்துவமனையில் அதே மருந்து கிடைக்குமா என்று முன்னரே கேட்டறியட்டும். அதன்பின் துணிந்து செல்லட்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஓராண்டு பொறுப்பது தோல்வியன்று.

செல்ல இயலாதோர் பலர் இங்கேயே இருப்பர். அவர்களுக்காகத் தூய காற்றும், இருக்கும் இடத்திலேயே நல்ல வீடும் கேட்கும் கடமை நம் அனைவருக்கும் உண்டு. வெளியேறிய இளைஞர்களுக்கு அக்கடமை இரட்டிப்பாகும். அவர்களைப் படிக்க வைத்தது இந்தச் சாம்பல் படிந்த தெருதான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் மாலையில் இரண்டு மணி நேரம், பத்திரம் படிக்கத் தெரிந்த ஒருவரும், பள்ளிச் சேர்க்கை விதிகள் அறிந்த ஒருவரும் சங்கக் கட்டடத்தில் அமரட்டும். வீடு மாறவிருக்கும் குடும்பம் முன்பணம் கொடுக்குமுன் இங்கு வந்து கேட்கட்டும். புதிய ஊர்களில் குடியேறிய நம்மவரின் பெயர்ப் பதிவேடு ஒன்றும் இங்கிருக்கட்டும். பின்னால் வருபவருக்கு முன்னால் சென்றவரே வழிகாட்டி. வெள்ளிவிழா மலரோடு இப்பணியும் தொடங்குமானால், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம்மில் எவரும் துரத்தப்பட்டுச் செல்லாமல், தேர்ந்து செல்லும் நிலையை எய்துவோம்.